பிள்ளையார் குளத்து விரால்

மீனைப் பிடித்துத் திரும்பவும் தண்ணீரில் விடுகிற பழக்கம் எனக்கு ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில், பரிசோதனைக்கூடத்தில் நான் வேலை செய்த காலம். அவர் சூளையைத் திருத்த வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பொறியியலாளர். சுண்ணாம்புக்கல் கிண்டியெடுத்த பெரிய பள்ளங்களில் மாரித்தண்ணீர் தேங்கி, எப்படியோ மீனும் பெருகிக் கிடந்தது. பின்னேரங்களில் அவர் அங்கே தூண்டில் போடுவார். எனக்கு ஓரளவு ஆங்கிலம் வரும் என்பதால் கூடப் போவேன். மீன் அகப்பட்டால் முதலில் தன் கையை நனைத்துக்கொள்வார். பிறகுதான் மீனைத் தொடுவார். முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விடுவார். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை அரத்தால் ராவி மொட்டையாக்கி வைத்திருந்தார். அப்படியென்றால் காயம் குறைவாம்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு அவரை அவருடைய நாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிறபோது தடியையும் றீலையும், மீனை ஏய்க்கிற மினுங்குத் தகடுகள் போட்ட ஒரு பெட்டியையும் அந்த அரத்தையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

எனக்கு அது வாய்த்துப் போனது. என் மனைவி வீட்டார் தலைமுறையாகச் சைவம். கலியாணத்தோடு நானும் மச்சமாமிசம் விட்டவன். மீன் பிடிக்கிற ஆசையும் தீரும், வீட்டுக்குள் மச்சமும் வராது, பாவமும் சேராது. ஏழு வருடம் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. ஒரு காலையில் எல்லோரும் வெளிக்கிட்டார்கள், நாங்களும் வெளிக்கிட்டோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு சைக்கிள், இரண்டு பேர், கரியரில் கட்டின உடுப்புப் பெட்டி. நான் தடியை மூன்று துண்டாகக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றினேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆட்டுக்கல்லை விட்டிட்டு வாறன், அரிசி மூட்டையை விட்டிட்டு வாறன். நீங்கள் உந்தத் தடியையோ காவிறியள்?” என்றாள்.

“இது பாரமில்லை” என்றேன். தகடுப் பெட்டியும் அரமும் மேசையிலேயே கிடந்துவிட்டன. அது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

பண்டத்தரிப்பில் மனைவியின் பெரியையா வீட்டில் இருக்க இடம் கிடைத்தது. அவர் தாரமிழந்தவர். பக்கத்துப் பிள்ளையார் கோயிலின் மனேச்சர். கோயில் கணக்கும் சாவியும் மட்டுமல்ல, கோயில் குளமும் வெளிவீதியிலிருந்த நல்லதண்ணிக் கிணறும் அவருடைய பொறுப்பில்தான். அந்தக் குளத்து மீனை யாரும் தொடுவதில்லை. கார்த்திகை மழையில் குளம் நிரம்பியதும் எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. அவரிடம் போய்க் கேட்டேன்.

“பிடிச்சு விட்டிடுவன் பெரியையா. ஒண்டையும் கொல்லமாட்டன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கொல்லாட்டி என்ன, தம்பி. பிள்ளையாருக்கும் ஒரு விளையாட்டுப் பார்த்தமாதிரி இருக்கும்” என்று சிரித்தார்.

அன்றிலிருந்து குளக்கட்டில் நிற்பேன். வேலை இல்லை, சம்பளம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு விரால் இழுக்கிற இழுவையில் இதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோகும். ஊரார் எனக்கு ‘மீன் விடுற மாஸ்டர்’ என்று பேர் வைத்தார்கள். நான் மாஸ்டர் அல்ல. சந்தையில் வாங்கின முள்ளில் மண்புழு கோத்துப் போட்டேன். அந்த முள்ளின் கொக்கியை ராவ என்னிடம் அரம் இருக்கவில்லை. யாரிடமாவது இரவல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோயிலுக்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடத்தில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பங்கள் இருந்தன. வேதக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். வகுப்பறை ஒன்றில் மூன்று குடும்பம், நடுவில் சேலை கட்டி மறைப்பு. ஊர்க் கிணறுகள் அநேகமாக உவர் என்பதால், கோயில் கிணற்றில் காலையும் மாலையும் அள்ளிக்கொள்ளலாம் என்று பெரியையா விட்டிருந்தார். அந்த அளவில் அவர் நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் விட்டால் பிழையாகும்.

மார்கழியில் ஒரு பின்னேரம், முழங்கை நீளமான ஒரு விராலைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். பின்னால் யாரோ “ஐயோ” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், முப்பத்து மூன்று, நாலு. வெறும் மேல், கறுத்து இறுகின தோள். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்.

“கை வழுக்கிப் போட்டுதோ ஐயா?”

“இல்லை. விட்டனான்.”

“விட்டனியளோ? ஏன்?”

“நான் தின்னிறதில்லை. சும்மா பிடிக்கிறனான்.”

“சும்மாவோ” என்றார். அந்தச் சொல்லைத் தனக்குள்ளே இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார். பிறகு குளக்கட்டில் குந்தினார். தன் வள்ளம் குருநகர்க் கரையிலேயே ஷெல் பட்டு எரிந்துபோனதைச் சொன்னார். கடலுக்குத் தடை. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள். பால் சுரக்கவில்லை.

“ஊரிலை எண்டால் பால்சுறா வறுத்துக் குடுப்பம். இஞ்சை நிவாரணப் பருப்பும் மாவும்தான். குளத்து மீன் நாங்கள் வாயிலை வைக்கிறேல்லை ஐயா, சேறு மணக்கும். ஆனா இப்ப வைப்பம். அடுத்தது பிடிபட்டா எனக்குத் தாங்கோ.”

“இது கோயில் குளம். கொல்லமாட்டன் எண்டு சொல்லித்தான் என்னை விட்டவை. நீர் கேக்கிறது விளங்குது, ஆனா ஏலாது.”

நான் அவரை ‘நீர்’ என்றேன். அவர் என்னை ‘ஐயா’ என்றார். அன்றைக்கு அதில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவர் போய்விடவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று இழுத்தது. முள்ளைத் தொண்டை வரைக்கும் விழுங்கியிருந்தது. கழற்றக் கழற்ற இரத்தம் வந்தது. ஒரு வழியாகக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். விரால் ஒரு பக்கம் சரிந்து மெல்லக் கீழே போனது. அவர் எழும்பினார்.

“நாங்களும் விடுறனாங்கள் ஐயா. குஞ்சு அம்பிட்டா விடுவம், சினை மீனை விடுவம். ஆனா விளையாட்டுக்கு ஒண்டைப் பிடிக்கமாட்டம். உங்கடை பிள்ளையாருக்கு, தின்னாத் தானோ நோகும்? வாயைக் கிழிச்சா நோகாதோ?”

எனக்குக் கோபம் வந்தது. “நீர் போம்” என்றேன்.

மறுநாள் காலை நான் குளக்கட்டுக்குப் போகையில் அவர் அங்கே நின்றார். கையில் செத்த விரால். வயிறு ஊதி, கண் வெளுத்து, வாயோரம் கிழிந்து கிடந்தது.

“நேற்று நீங்கள் விட்ட ஆள். அல்லிக்கொடிக்குள்ளை மிதந்தது. ஊதிப்போச்சு, இனித் தின்னவும் ஏலாது.”

அதை என் காலடியில் போட்டுவிட்டுப் போனார். நான் அவரோடு கதைத்தது அதோடு சரி.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் பள்ளிக்கூடத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. அவரும் இன்னும் மூன்று பேரும் விடியமுதல் அராலிப் பக்கம் நடந்துபோய், பரவைக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை போட்டிருக்கிறார்கள். விடிந்து வெளிச்சம் வந்ததும் அரசாங்க ஹெலிகொப்டர் வந்து சுட்டது. இரண்டு பேர் ஓடித் தப்பினார்கள். ஒருவர் காலில் காயம். என்னிடம் மீன் கேட்டவர் தண்ணீரிலேயே முடிந்துபோனார். அவருடைய உடலை மாட்டுவண்டியில் கொண்டுவந்து வகுப்பறை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

நான் பள்ளிக்கூடப் படலைக் கதவோடு நின்றேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை. அவருடைய இடுப்பில் பறி கட்டினபடியே இருந்தது. ஓலைப் பறிக்குள் பத்துப் பதினைந்து திரளி மீன். ஒரு வயதான மனிசி குந்தியிருந்து முடிச்சை அவிழ்த்தாள். “உந்த மீனை ஏன் எடுக்கிறாய்?” என்று யாரோ ஏசினார்கள். “பிள்ளையள் ராத்திரியும் சாப்பிடேல்லை. இதையும் எறியிறதோ?” என்றாள் அவள். அன்று மத்தியானம் அந்தத் திரளியைக் குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக அறிந்தேன்.

அவரை அடக்கம் செய்து எட்டாம் நாள் பொழுது விடிகிற நேரம் குளத்துக்குப் போனேன். அரை மணித்தியாலத்தில் ஒரு விரால் பிடிபட்டது. அதைக் கொல்ல எனக்குத் தெரியவில்லை. விரால் இலேசில் சாகாது. கல்லால் தலையில் அடித்தேன், வழுக்கிக்கொண்டு போனது. கை வழுக்காமல் இருக்கச் சாம்பல் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். மண்ணை அள்ளிப் பூசி, முழங்காலால் அமத்தி, நாலைந்து அடி அடித்தேன். ஏழு வருடமாக நூற்றுக்கணக்கில் பிடித்தவனுக்கு ஒரு மீன் எப்படிச் சாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

துணிப்பைக்குள் போட்டு அவருடைய பெண்சாதியிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண். மடியில் பிள்ளை, கிழவனுடைய முகம்போல் சுருங்கி. பையைத் திறந்து பார்த்தாள்.

“ஆர் பிடிச்சது?”

“நான்தான் தங்கச்சி.”

“விடேல்லையோ?” என்றாள்.

அவர் எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது. “இல்லை. விடேல்லை” என்றேன்.

அவள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, அடுப்புச் சாம்பலைக் கையில் தொட்டு மீனைப் பிடித்துச் செதிள் உரித்தாள். “பழப்புளி கூட விட்டாச் சேத்து மணம் போகும்” என்று அடுத்த பாயில் இருந்த மனிசியிடம் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. அந்த மீனை எப்படிக் கறியாக்குவது என்பது மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம், மூன்று தரம் கொண்டுபோனேன். விடியும் முன் பிடித்து, ஊர் எழும்ப முதல் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பின்னேரத்தில் வழக்கம்போலக் குளக்கட்டில் நின்று ஊரார் பார்க்கப் பிடித்து விடுவேன். மாதம் ஒன்று போனபோது, பால் கொஞ்சம் சுரக்கிறது என்று அவள் சொன்னாள். பிள்ளை அழுகிற சத்தமும் மாறியிருந்தது.

தலையும் குடலும் புதைக்கச் சொல்லியிருந்தேன். அவர்களும் புதைத்துத்தான் இருந்தார்கள். நாய் கிண்டியதோ என்னவோ, ஒரு வெள்ளிக்கிழமை காலை காகம் ஒரு விரால் தலையைக் கொண்டுவந்து கோயில் வெளிவீதியில் போட்டது. பூசைக்கு வந்த சனம் அதைச் சுற்றி நின்றது. பெரியையாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“பிள்ளையார் குளத்திலை மீன் பிடிச்சது ஆர்?”

குந்தியிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். அவள் பிள்ளையை ஏணையில் ஆட்டிக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பிறகு பலநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

“தண்ணியும் தந்து இடமும் தந்தால், இதோ செய்யிறது?” என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போய்த் துலாக்கயிற்றை அவிழ்த்தார். “இனி ஒரு குடமும் இஞ்சை அள்ளக்கூடாது.”

அதன்பிறகு அவர்கள் முக்கால் மைல் நடந்து தோட்டக் கிணறு ஒன்றில் உவர்த்தண்ணீர் அள்ளினார்கள். ஒரு கிழமைக்குள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. இரண்டு பிள்ளைகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்குள் இருந்தேன். சொன்னால் இருக்கிற கூரை போய்விடும். ஒன்பது நாள் அப்படி இருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஒழுங்கையில் அவள் எதிரே வந்தாள். ஒரு இடுப்பில் குடம், மற்ற இடுப்பில் பிள்ளை. ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

“ஐயா, நீங்கள் இனி ஒண்டும் கொண்டுவராதேங்கோ” என்றாள். “ஒருத்தரும் உங்கடை பேரைச் சொல்லமாட்டினம். பயப்பிடாதேங்கோ.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள். “ரெண்டு மாதமா உங்கடை கை மணக்குது. சவுக்காரமும் இல்லை, வேப்பிலை போட்டுத் தேய்ச்சா அந்த மணம் போகுமோ?”

“ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டா நிப்பாட்டியிருப்பியள். அந்தப் பிள்ளை செத்திருக்கும்.” சுளகைக் கீழே வைத்தாள். “ஆனா இது வேறை. போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

பெரியையா கோயில் மடத்தில் இருந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, உமக்கு இளகின மனம். அதுகளுக்காகப் பழியைத் தலையிலை போடுறீர். ஊருக்கே தெரியும், நீர் மீன் விடுற ஆள் எண்டு.”

“நான்தான் கொன்றனான், பெரியையா.”

“சரி, சரி. போய்ச் சாப்பிடும்.”

இது நான் நினைத்திராத ஒன்று. ஏச்சு விழும், வீட்டைவிட்டுப் போகச் சொல்வார் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். நம்பாமல் விடுவார் என்று எண்ணவில்லை. பின்னேரங்களில் குளக்கட்டில் நின்று நான் விட்ட ஒவ்வொரு மீனும் எனக்குச் சாட்சி சொல்லி, அந்தப் பள்ளிக்கூடத்துச் சனத்தின் மேல் பழியைப் போட்டது.

வீட்டுக்குப் போய்த் தடியை எடுத்துக்கொண்டு வந்தேன். “வாங்கோ” என்றேன். என்ன நினைத்தாரோ, அவரும் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். நல்ல வெயில். மாசி முடிகிற நேரம், குளம் பாதியாக வற்றியிருந்தது. புழுவைக் கோத்துப் போட்டேன். ஒன்றும் இழுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒருவர் போகலாம் என்றார். பெரியையா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். தடி வளைந்தது.

பெரிய விரால் இல்லை. கரைக்கு இழுத்து, மண் பூசி, கல்லால் ஒரே அடி. இப்போது எனக்குப் பழகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் அவர் கண்டார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“துலாக்கயிறைத் திரும்பப் போடச் சொல்லுறன்” என்றார் கடைசியில். “நீங்கள் ரெண்டு பேரும் வேறை இடம் பாருங்கோ.”

அந்த விராலை யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாளே. குளக்கட்டிலேயே கிடந்தது. பசிக்காகவும் இல்லாமல், ஆசைக்காகவும் இல்லாமல் நான் கொன்றது அந்த ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பக்கத்தில் முந்திப் பல்கலைக்கழகப் பெடியன்கள் இருந்த அறையொன்று எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. சந்தையில் மரக்கறி மூட்டை நிறுக்கிற வேலை எனக்கு. வைகாசியில் ஒரு நாள் அவள் எங்களைத் தேடிக்கொண்டு சந்தைக்கு வந்தாள். பிள்ளை இடுப்பில் நிமிர்ந்து இருந்தது. படகொன்று இந்தியாவுக்குப் போகிறது, தமையன் குடும்பத்தோடு தானும் போவதாகச் சொன்னாள். அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்திருந்தாள்.

எனக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. எத்தனையோ நாளாக மனதில் கிடந்தது.

“அவர் அண்டைக்குக் கடலுக்குப் போனது...” என்று தொடங்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “பொய் சொல்லக்கூடாது ஐயா. உங்களிலை கோவமாத்தான் போனவர். ‘அந்தாளிட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறதிலும் பாக்கக் கடல் பரவாயில்லை’ எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.” தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “பிறகு நீங்கள் தந்த மீனிலைதான் இவன் இருக்கிறான். ரெண்டும் உண்மை. நான் ரெண்டையும் வைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

மனைவி பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிறபோது தன் வாயல் சேலை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள், படகில் குளிரும் என்று.

அந்த மாதத்தில் இந்தியாவுக்குப் போன படகுகளில் சில போய்ச் சேர்ந்தன, சில சேரவில்லை. அவள் போனது எது என்று எனக்குத் தெரியாது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி வருகிறதென்று வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, மழைக்குள் நெரிபட்டுக்கொண்டு போன சனத்துக்குள், குருநகர் ஆட்களைக் கண்ட இடமெல்லாம் நானும் மனைவியும் அவளைப் பற்றி விசாரித்தோம். மண்டபம் அகதி முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் நிச்சயமாகத்தான் சொன்னார்கள்.